தாய்லாந்து நாட்டு உடற்பிடிக் கலை

வயலில் நாள் முழுதும் உழைத்து மீண்ட உழவன் திண்ணையிற் சாய்ந்து, "தம்பி, காலைச் சற்றுப் பிடித்துவிடு" என்று மகனை அழைத்தலும், அச்சிறுவன் தன் சிறு கைகளால் அமுக்கி அலுத்தபின் எழுந்து நின்று, தந்தையின் முதுகைப் பாதங்களால் மெல்ல மிதித்தலும், சிற்றூர் வாழ்க்கையை அறிந்தார் அனைவரும் கண்ட காட்சியே. இதனை எவரும் வைத்தியம் என்று சொல்வதில்லை. கலை என்று போற்றுவதுமில்லை. ஆயின், வீட்டுக்கு வீடு நிகழும் இவ்வெளிய செயலை ஒரு நாட்டார் பல நூற்றாண்டுகளாகப் பேணி, முறைப்படுத்தி, கல்லிற் பொறித்து, பள்ளி வைத்துக் கற்பித்து, பிற நாட்டாரும் தேடி வந்து பெறும் கலையாக வளர்த்துள்ளனர். அந்நாடு தாய்லாந்து, முன்னாளிற் சயாம் எனப் பெயர் பெற்றிருந்தது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோ கழகம் அக்கலையை மனித குலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்துச் சிறப்பித்தது. அங்கும் வயலில் உழைத்தோரின் உடல்நோவைத் தணிக்க ஊரார் ஒருவர்க்கொருவர் செய்த உதவியே இதன் வேராகும்.

இந்நாளில் நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் அலுவல் காரணமாகவும் நாடு காணும் விருப்பாலும் பாங்காக் நகரத்திற்குச் சென்று வருகின்றனர். அவ்வாறு செல்வோர் எம்மிடம் கேட்கும் வினாக்கள் மூன்று. அப்பிடித்தல் நோவு தருமா? அது நோயைத் தீர்க்குமா? மரியாதை உள்ள ஒருவர் அங்கே செல்லலாமா? இம்மூன்றனுள் முதல் வினாவுக்கு விடையை யாம் சற்று வருந்தியே கற்றோம். எம் அனுபவத்தையும், கற்று அறிந்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பெயரும் வரலாறும்

அந்நாட்டார் இக்கலையை "நுவாட் தாய்" என்பர். "நுவாட் பேன் போரான்" என்றலும் உண்டு. நுவாட் என்பது பிடித்தல், அமுக்குதல் என்னும் பொருளது. பேன் என்பது முறை. போரான் என்பதோ, புராணம் என்று நாம் வழங்கும் சொல்லின் உறவினதாய்ப் பழமையைக் குறிப்பது. எனவே, "பழைய முறைப்படி பிடித்தல்" என்பதே அப்பெயரின் பொருளாம்.

இக்கலையினர் தம் ஆதிகுருவாக வணங்குபவர் ஜீவகர் என்னும் வைத்தியர். திருத்தக்க தேவர் பாடிய சீவகன் வேறு, இவர் வேறு. இவர் புத்தர் பெருமானுக்கும் அவர்தம் சங்கத்தார்க்கும் மருத்துவம் செய்தவர் என்று பௌத்தரின் விநய பிடகம் கூறும். தக்கசீலத்தில் ஏழாண்டு பயின்றபின், "இந்நகரைச் சூழ ஒரு யோசனை தூரத்தில் மருந்துக்கு உதவாத செடி யாதேனும் இருப்பின் கொணர்க" என்று ஆசிரியர் பணித்தாராம். ஜீவகர் எங்கும் தேடி, அத்தகைய செடி ஒன்றும் இல்லை என்று வெறுங்கையுடன் மீண்டாராம். "நீ கற்றது போதும்" என்று ஆசிரியர் விடை கொடுத்தனர் என்பது கதை. ஆயினும், ஜீவகர் உடல் பிடித்தலைக் கற்பித்தார் என்பதற்கு அந்நூலிற் சான்றில்லை. மருந்தும் சத்திரமும் வல்லவராகவே அவர் ஆங்குத் தோன்றுகின்றார். ஆதலின், அவரைக் குருவெனக் கொள்ளுதல் பக்தியின் பாற்பட்டதேயன்றிச் சரித்திரத்தின் பாற்பட்டதன்று.

சரித்திரச் சான்று வேண்டுவார்க்குப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக 1687-இல் சயாம் சென்ற லா லூபேர் என்பார் எழுதி, 1691-இல் வெளிவந்த நூல் உதவும். அந்நாட்டில் ஒருவர் நோயுற்றால், இதில் தேர்ந்தவரை வருவித்து உடல் முழுவதையும் நெகிழ்விப்பர் என்றும், வருபவர் நோயாளியின் உடம்பின்மேல் ஏறிப் பாதங்களால் மிதிப்பர் என்றும் அவர் வியப்போடு எழுதியுள்ளார். அக்காலத்து அரசிருக்கை அயுத்தயா நகரம். 1767-இல் பர்மியர் படையெடுப்பால் அந்நகரம் அழிந்தபோது, ஏட்டுச் சுவடிகள் பலவும் அழிந்தொழிந்தன.

ஓலையும் தாளும் எரியும் என்பதை இங்ஙனம் கண்டறிந்த அந்நாட்டார், பின்னர்க் கல்லை நாடினர். பாங்காக்கில் வாட் போ என வழங்கும் பெரிய விகாரம் ஒன்றுளது. 46 மீட்டர் நீளமுடைய பள்ளிகொண்ட புத்தர் திருவுருவத்தைக் காண நாள்தோறும் மக்கள் அங்கே திரள்வர். மூன்றாம் இராமன் என்று எண்ணப்படும் மன்னர் அவ்விகாரத்தைப் புதுக்கியபோது, 1831 முதல் 1841 வரை சமயம், இலக்கியம், மருத்துவம் முதலிய பல துறை அறிவையும் சலவைக் கற்களில் எழுதுவித்தார். அவ்வகைக் கல்வெட்டுகள் 1,440 என்பர். அவற்றுள் 60 படங்கள், மனித உருவை முன்னும் பின்னுமாக வரைந்து, எந்நோவுக்கு எவ்விடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதைப் புள்ளியிட்டுக் காட்டுவன. யோகியர் தம் உடலைத் தாமே வளைத்து நோவு நீக்கும் நிலைகளைக் காட்டும் 80 உருவங்களும் 1836-இல் உலோகத்தில் வார்க்கப்பட்டன. அவற்றுட் சிலவே இன்று எஞ்சியுள்ளன. இக்கல்வெட்டுத் தொகுதி முழுதும் 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வைத்தியக் குடும்பத்தார் தம் மக்களுக்கு மட்டும் மறைவாய்ச் சொல்லி வந்தவற்றை, எழுத்தறிந்த எவரும் வந்து படித்துக்கொள்ளுமாறு பொதுவிடத்திற் பொறித்து வைத்தது அம்மன்னர் செய்த பேரறமாகும். அதே பத்தாண்டில், அஃதாவது 1835-இல், அமெரிக்க மிஷனரி வைத்தியராகிய டாக்டர் டான் பீச் பிராட்லி அந்நகரத்தில் வந்திறங்கினார். 1837-இல் மேனாட்டு முறையிற் சத்திர சிகிச்சை செய்தார், அம்மை குத்தும் முறையைப் பரப்பினார், அச்சுக்கூடமும் நடத்தினார். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒருபுறம் பழைய மருத்துவம் கல்லில் ஏறிற்று; மறுபுறம் புதிய மருத்துவம் கரையேறிற்று. பின்னாளிற் புதியது ஓங்கப் பழையது ஒதுங்கியதாயினும், அது மாய்ந்து போகவில்லை. 1955-இல் வாட் போ விகாரத்திலேயே பழைய மருத்துவத்திற்கெனப் பள்ளி ஒன்று தோன்றியது. இன்று பல நாட்டாரும் அங்குச் சென்று உடற்பிடிக் கலையைப் பயில்கின்றனர்.

பத்து வழிகள்

இக்கலையினர் உடம்பெங்கும் "சென்" எனப்படும் வழிகள் ஓடுவதாகவும், அவற்றின் வழியே காற்று இயங்குவதாகவும், அவ்வியக்கம் தடைப்பட்ட இடத்தில் நோவு தோன்றுவதாகவும் கொள்வர். அவ்வழிகள் 72,000 என்றும், அவற்றுட் பத்தே தலையாயவை என்றும், அவை உந்தியின் அருகே தோன்றிப் பரவுவன என்றும் கூறுவர். இடப்பக்கத்து வழியின் பெயர் இத்தா, வலப்பக்கத்தது பிங்கலா, நடுவிலோடுவது சுமனா. தமிழ்ச் சித்த மருத்துவம் அறிந்தார்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் நாடிகளே கடல் கடந்து பெயர் சிறிது திரிந்து நிற்கின்றன. நாடிகள் 72,000 என்பதும், தசநாடி என்று பத்தினைச் சிறப்பித்தலும் நம் நூல்களிலும் உள்ளனவே.

இவ்வொற்றுமை வியப்பன்று. தென் தாய்லாந்திலுள்ள தகுவாபா என்னுமிடத்தில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்னும் குளத்தையும், மணிக்கிராமத்தாராகிய வணிகரையும் அது குறிப்பிடுகின்றது. பண்டங்கள் சென்ற வழியிற் சொற்களும் கொள்கைகளும் சென்றிருத்தல் இயல்பே. ஆயினும், நாம் கொடுத்ததே எல்லாம் என்று பெருமை கொள்ளுதல் தகாது. சீனர் வழக்கமும் அம்மண்ணின் சொந்த வழக்கமும் அதனுடன் கலந்துள்ளன. நம் சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைப்பட்ட தொக்கணம் கூறப்பட்டிருந்தும், அதன் பெயரைக்கூட நம்மிற் பலர் அறியார். தாய்லாந்தினரோ தம்முடையதைக் கைவிடாது காத்தனர். பெருமை காத்தவர்க்கே உரியது.

உடலை அறுத்து ஆராய்ந்த மருத்துவர் எவரும் இச்சென் வழிகளைக் குழாயாகவோ நரம்பாகவோ கண்டிலர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அவற்றைக் கைக்கு வழிகாட்டும் வரைபடமாகக் கொள்வதே தகுதி. பெரும்பாலும் தசைகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களையும் எலும்பின் ஓரங்களையும் ஒட்டியே அவ்வழிகள் செல்கின்றன. அவ்வழியே அமுக்கிச் செல்பவர் இறுகிய தசைகளை ஒன்றும் விடாது தொட்டுவிடுவர்.

செய்முறை

இனி, அங்கே செல்வார்க்கு நிகழ்வன யாவை என்பதை முறைப்படக் கூறுவாம். வாயிலிற் செருப்பைக் கழற்றியவுடன், முக்காலியில் அமர்த்தி வெந்நீரால் நம் பாதங்களைக் கழுவுவர். முன்பின் அறியாத ஒருவர் நம் காலடியில் அமர்ந்து கால் கழுவுவதை முதன்முறை காண்பார்க்குக் கூச்சம் உண்டாகும். பின்னர்த் தளர்ந்த பருத்திச் சட்டையும் அகன்ற காற்சட்டையும் கொடுத்து உடுத்துக்கொள்ளச் செய்வர். இக்கலையில் ஆடை களைதலும் இல்லை. எண்ணெய் பூசுதலும் இல்லை. கட்டிலும் இல்லை, தரையில் விரித்த மெத்தையே இடம். பிடிப்பவர் தம் உடலின் பாரத்தைச் சாய்த்து அமுக்க வேண்டியிருத்தலின், தரையே அதற்கு ஏற்றது. பழைய முறையைக் கைக்கொள்வோர், தொடங்குமுன் கை கூப்பிக் கண்மூடி ஜீவகரை நினைந்து சிறிது பொழுது வணங்குவர். அவ்வேளையில் பேசாதிருத்தல் நம் கடன்.

தொடக்கம் பாதத்தில். உள்ளங்கால், குதிகால், விரல்கள், கணுக்கால் என்று மேலே சென்று, ஆடுசதையையும் தொடையையும் உள்ளங்கையாலும் பெருவிரலாலும் மாறி மாறி அமுக்குவர். கையின் வலிமையால் நசுக்குதல் இதன் முறையன்று. முழங்கை மடங்காமல் நேரே நிறுத்தி, உடலை முன்னே சாய்த்துப் பாரத்தை மெல்ல இறக்கிச் சற்றுத் தாமதித்து மெல்ல மீட்பர். தொட்டில் ஆடுவது போன்ற அவ்வசைவின் தாளத்திற் பலர் உறங்கிப் போவதும் உண்டு. நெடுநேரம் அமுக்க வேண்டிய இடத்தில் முழங்கையும், முழங்காலும், பாதமும் கைக்கு உதவியாய் வரும். சிலவேளை தொடையின் அடியில் அரைப்பகுதியில் உள்ளங்கையை ஊன்றி, அரை நிமிடம் போல அழுத்திப் பின் விடுவர். தடுக்கப்பட்ட குருதி மீண்டும் பாய்தலால் கால் முழுதும் இளஞ்சூடு பரவும். இதனைக் "காற்றின் கதவைத் திறத்தல்" என்பர்.

அமுக்கித் தசைகள் இளகிய பின்னரே வளைத்தலும் நீட்டலும் வரும். காலை மடித்து மார்போடு சேர்த்தல், இடுப்பை ஒருபுறமும் தோளை மறுபுறமுமாகத் திருப்புதல், குப்புறக் கிடப்பாரின் இரு கைகளையும் பின்னே பற்றி மார்பைப் பாம்பின் படம்போல் மேலே தூக்குதல் என்பன அவை. யோகாசனம் கற்றவர் இவற்றைத் தாம் செய்யும் ஆசனங்கள் என உடனே அறிந்துகொள்வர். வேறுபாடு ஒன்றே: ஆசனத்தில் நாமே முயல்கின்றோம், இங்கோ முயற்சி பிறருடையது, நாம் நெகிழ்ந்து கொடுத்தலே வேண்டுவது. உதவ எண்ணி உடலை விறைப்பித்தால் இருவர்க்கும் துன்பம். மல்லாந்தும், ஒருக்களித்தும், குப்புறவும் கிடந்தபின், இறுதியில் எழுந்து அமரச் செய்து தோள், கழுத்து, தலை ஆகியவற்றைப் பிடித்து முடிப்பர். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை இது நிகழும். அரைகுறையாய் விரைந்து செய்வதிற் பயனில்லை. காலம் உள்ளபோது செல்க.

இக்கலையில் இரு மரபுகள் உண்டு. மேற்கூறியது பெரும்பாலும் பொதுமக்கள் மரபு. அரண்மனை மரபோ அடக்கம் மிக்கது. அரசரையும் அரச குடும்பத்தாரையும் பிடிப்பவர் மண்டியிட்டுத் தூரத்தே இருந்து, கைகளை நீட்டிப் பெருவிரலாலும் உள்ளங்கையாலும் மட்டுமே அமுக்குதல் வேண்டும்; காலும் முழங்கையும் படுதல் ஆகாது. இவையன்றி, இஞ்சி இனத்தைச் சேர்ந்த ப்லாய் என்னும் கிழங்கு, மஞ்சள், எலுமிச்சம்புல், புளியிலை, கருப்பூரம் முதலியவற்றைத் துணியிற் கட்டி ஆவியிற் சூடேற்றி ஒற்றடம் கொடுத்தலும் உண்டு. இது நம்மவர் கிழி கட்டி ஒற்றுதற்கு ஒப்பாம்.

நோவு தருமா?

முதல் வினாவுக்கு வந்தோம். இளமையிற் பந்தாட்டத்தில் அடிபட்ட வல முழங்கால் ஒன்று எமக்கு உண்டு. பாங்காக்கில் ஒரு சிறு மனையில் முதன்முறை யாம் படுத்தபோது அதனைச் சொன்னோம் அல்லோம். அவ்வம்மையார் ஐம்பது வயது கடந்தவர், மெலிந்த தோற்றத்தர், ஆயினும் அவர் பெருவிரல் உளிபோல் இறங்கியது. முழங்காலை மடித்தபோது பொறுக்கலாகா வலி எழுந்தது. அவர் ஏதோ வினவினார். பொருள் விளங்காமையாலும், ஆண்மகன் அலறுவதோ என்னும் வீண் மானத்தாலும், யாம் புன்னகை செய்து தலையசைத்தோம். அதனை "இன்னும் அழுத்துக" என்று அவர் கொண்டார். மறுநாள் முழங்கால் வீங்கியது. மூன்று நாள் படியேற இயலாது வருந்தினோம்.

சில நாள் கழித்து, மொழி அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அதே அம்மையாரிடம் சென்றோம். குறை கூற அன்று, கேட்டறிய. நண்பர் நடந்ததை எடுத்துரைத்தார். அவர் திடுக்கிட்டு எம் முழங்காலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னதை நண்பர் மொழிபெயர்த்தார்: "ஐயா, கால் உங்களுடையது. நீங்கள் சொல்லாவிட்டால் என் கைக்கு யார் சொல்வார்?" அன்று முழங்காலின்கீழ்த் தலையணை வைத்து, அதனை மடிக்காமலே பிடித்து, எமக்கு மூன்று சொற்களையும் கற்பித்தனுப்பினார். "பாவ் பாவ்" என்றால் மெல்ல. "நக்" என்றால் அழுத்தமாக. "ஜெப்" என்றால் நோகின்றது. தாய்லாந்து செல்வோர் வேறெச்சொல்லை மறந்தாலும் இம்மூன்றையும் மறவாதிருப்பாராக.

ஆகவே, நோவு தருமா என்பார்க்கு எம் விடை இது: இறுகிய தசையை அமுக்குங்கால் "சுகமான வலி" ஒன்று தோன்றும், மூச்சை மெல்ல விட அது கரையும். அது வேண்டுவதே. மூச்சை நிறுத்தச் செய்யும் வலியும், குத்துவதுபோன்ற வலியும், மூட்டினுள் எழும் வலியும், மரத்துப் போதலும் தீங்கின் அறிகுறிகள். அப்பொழுதே சொல்லுதல் வேண்டும். பேசாதிருத்தல் பொறுமையன்று, பிடிப்பவரை இருளில் நடக்க விடுதலாகும். மறுநாள் தசைகளிற் சிறிது அலுப்பு இருத்தல் இயல்பு. ஓரிரு நாளில் நீங்கும்.

நோயைத் தீர்க்குமா?

இரண்டாம் வினாவுக்கு விடை அளவோடு கூறற்பாலது. நெடுநேரம் அமர்ந்து எழுதுவார்க்கும், பாரம் சுமப்பார்க்கும் உண்டாகும் முதுகுவலி, தோள்வலி, கழுத்துவலி ஆகியன இதனாற் சிலகாலம் தணிதலும், மூட்டுகள் எளிதில் இயங்குதலும், மனம் அமைதியுற்று நல்லுறக்கம் வருதலும் கண்கூடு. ஆராய்ச்சியாளரும் இதனை ஓரளவு உடன்படுவர். ஆனால் நீரிழிவையும், புற்றுநோயையும், இருதய நோயையும் இது தீர்க்கும் என்பார் சொல்லை நம்பி, வைத்தியரிடம் செல்லாது நாள் கடத்துதல் உயிர்க்கு இறுதியாகும்.

சிலர் இதனைக் கொள்ளாமலே இருத்தல் வேண்டும். சிலர் தம் வைத்தியரைக் கேட்டே கொள்ளுதல் வேண்டும். காய்ச்சல் உடையார், தோலில் தொற்றுநோயோ புண்ணோ உடையார், அண்மையில் எலும்பு முறிந்தார், சத்திர சிகிச்சை பெற்றார் ஆகியோர் தவிர்க்க. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைந்திருத்தல் கூடும். அதனைப் பிடித்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே கொள்ளலாம். அங்ஙனம் வீங்கியவர் நேரே மருத்துவசாலைக்குச் செல்க. எலும்பு தேய்ந்த முதியோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பாரும், இருதய நோயும் அடங்காத இரத்த அழுத்தமும் உடையாரும், செயற்கை மூட்டு உடையாரும், கருவுற்ற மகளிரும் முன்னரே தம் நிலையைச் சொல்லுதல் இன்றியமையாதது. கழுத்தைச் சடக்கெனத் திருப்பிச் சொடுக்குவதை எவரும் மறுத்துவிடுக. அரிதாயினும், மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய் கிழிந்து வாதம் வருதற்கு அஃது இடமாகும். வயிறு நிறைய உண்டவுடனும், மது அருந்தியும் செல்லற்க.

மரியாதை உள்ளவர் செல்லலாமா?

மூன்றாம் வினாவே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. இக்கலையின் பெயரைப் பலகையில் எழுதி வைத்து, அதன் மறைவில் வேறு தொழில் நடத்துவார் பல ஊர்களிலும் உளர் என்பது உண்மை. அதனால் நல்லோர் பலர் மாசு சுமக்கின்றனர். ஆயின் போலி நாணயம் உண்டென்பதால் நாணயமே பொய்யாகிவிடாது. தாய்லாந்து அரசினர் 2016-இல் இத்தகைய இடங்களுக்கெனச் சட்டம் இயற்றி, உரிமமும் பயிற்சியும் வேண்டும் என விதித்துள்ளனர். உடல்நலத்தின் பொருட்டுப் பிடிப்பதற்குரிய பயிற்சி 150 மணி நேரத்தது. உரிமம் சுவரில் தொங்குகின்றதா, இடம் தூயதா, மெத்தைகள் திரைகளால் மட்டும் பிரிக்கப்பட்டுப் பொதுவிடமாய் உள்ளனவா, தொடங்குமுன் நம் நோய்களைக் கேட்கின்றனரா என்று பார்ப்பவர் ஏமாறார். கண்பார்வை இழந்தோர் பலர் இக்கலையைக் கற்றுத் தம் கையுழைப்பால் மானத்துடன் வாழ்வதையும் அந்நாட்டிற் காணலாம்.

ஆனால், "மரியாதை உள்ளவர் செல்லலாமா" என்னும் வினாவில் வேறொரு நஞ்சும் கலந்துள்ளது. பிறர் உடலைத் தொட்டு உழைப்பவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணமே அது. நம் நாட்டில் சிகை திருத்தியும், சுளுக்கு வழித்தும், கட்டுக் கட்டியும், பிரசவம் பார்த்தும் உதவிய குடியினரை மருத்துவர் என்று பெயரால் மட்டும் உயர்த்தி, வாழ்விலோ திண்ணைக்கு வெளியே நிறுத்தினோம். அவர்தம் கையறிவிற் பெரும்பகுதி அவர்களோடு மறைந்தது. தாய்லாந்தில் அவ்வறிவை மன்னன் கல்லிற் பொறித்தான். இங்கோ நாம் அதனைக் கேட்டெழுதவும் நாணினோம். ஒரு கலை அழிவது மறதியால் மட்டுமன்று. அதனை உடையாரை இகழ்தலாலும் ஆகும்.

எனவே, செல்பவர்க்கும் கடமை உண்டு. குளித்துத் தூய்மையாய்ச் செல்க. குறித்த நேரத்திற் செல்க. தகாத சொல்லும் நகைப்பும் ஒழிக. கூலியை முகம் மலர்ந்து கொடுத்து, கை கூப்பி நன்றி கூறுக. இரண்டு மணி நேரம் மண்டியிட்டு உழைத்தவர்க்கு அவர் பெருவிரலும் முதுகும் நோகும் என்பதை எண்ணுக.

தம் சீடரின் பாதங்களைக் கழுவித் துடைத்த குருநாதரைப் பற்றி நம் கல்லூரி ஆலயத்திற் கேட்கும் நாம், கால் கழுவுதல் இழிவென்று எங்ஙனம் சொல்லத் துணிவோம்? தலைவர் தம் பாதங்களைத் தொட வந்தபோது கூசிய சீடரின் கூச்சமே, அயல்நாட்டில் முக்காலியில் அமர்ந்த எமக்கும் வந்தது. கூச்சம் நீங்கியபோது யாம் உணர்ந்தது இதுவே: ஏவல் செய்பவர் தாழ்வதில்லை, ஏற்பவரே பணிவைக் கற்கின்றார்.

மாணவ நண்பர்களே, தாய்லாந்து செல்லும் வாய்ப்புக் கிடைப்பின் அக்கலையை அஞ்சாது, மயங்காது, அளவறிந்து துய்ப்பீராக. அவ்வாய்ப்புக் கிடையாதவர் விடுமுறையில் வீடு சென்றதும், உழைத்து ஓய்ந்து திண்ணையிற் சாய்ந்திருக்கும் தந்தையார் அழைக்கும் வரை காத்திராமல், அவர் காலடியில் அமர்ந்து, "அப்பா, எங்கே நோகின்றது, சொல்லுங்கள்" என்று கேட்பீராக. அக்கேள்வியே இக்கலையின் முதற்பாடம்.